கருங்காலிப்பேரியை விட்டுப் போகாத கார்

நாலுவழிச் சாலை வந்து ஊரை ஒதுக்கிவிட்டுப் போன பிறகு கருங்காலிப்பேரிக்குள் நுழைந்த முதல் கார் அதுதான். நுழைந்த கார் திரும்பிப் போகவே இல்லை என்பதை ஊர்க்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தவனைக் கேட்டால் அவன் வேறு மாதிரி சொல்லுவான்.

அவன் பெயர் அருணகிரி. சொந்த வண்டியும் கிடையாது, நிரந்தர முதலாளியும் கிடையாது, கூப்பிட்டவர்களின் காரை ஓட்டிக் கொடுத்துவிட்டு வருகிற ஆக்டிங் டிரைவர். அன்றைக்கு அவன் கையில் இருந்தது பாளையங்கோட்டை ராஜமணி சாரின் வெள்ளைக் கார். ராஜமணி சாருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. முன்னால் போகத் தெரியும், பின்னால் எடுக்க மட்டும் வராது. வீட்டு வாசலில் இருந்து காரை ரிவர்ஸ் எடுத்து ரோட்டில் நிறுத்திக் கொடுப்பதற்கே அருணகிரிக்குப் போன் போடுவார். ஆனால் வெளியூர் அனுப்புவது என்றால் மனிதர் கறார். டிரைவரின் அசல் லைசென்ஸை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு நகலைக் கொடுத்து அனுப்புவார். வண்டி வாசலுக்கு வந்து, சாவி அவர் உள்ளங்கையில் விழுந்தால்தான் பீரோ திறக்கும். மதுரையில் மகள் வீட்டில் நின்ற காரை எடுத்து வரச் சொல்லி அப்படித்தான் அவனை அனுப்பியிருந்தார்.

அருணகிரி அந்தச் சவாரிக்கு ஒத்துக்கொண்டதே அரை மனதாகத்தான். அவன் மனைவி முத்துப்பேச்சி ஓட்டப்பிடாரத்தில் தாய் வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தாள். போன தடவை அவன் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போயிருந்தபோது அவளுக்கு வலி வந்தது. பிறந்த பிள்ளை அழவே இல்லை. அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இந்தத் தடவை அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வலி வாறப்ப நீங்க பக்கத்துல நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்." நிற்பேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

கோவில்பட்டி தாண்டியதும் முன்பக்க இடது சக்கரத்தில் சத்தம் கேட்டது. கூடவே ஸ்டீயரிங் இடது பக்கமாக லேசாக இழுத்தது. சர்வீஸ் ரோட்டில் 'சூசை சஸ்பென்ஷன் ஒர்க்ஸ்' என்று வெயிலில் வெளுத்த ஒரு பலகை, அதன் அம்புக்குறி கருங்காலிப்பேரியைக் காட்டியது. அந்தப் பலகையை நம்பி அவன் திரும்பினான்.

ஷெட்டில் சூசை தன் தொழில் ஆயுதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க வேண்டிய அழுக்கு அவற்றில் இல்லை. பைபாஸ் வந்த நாளில் இருந்து அவர் சும்மாவே துடைத்துக்கொண்டிருக்கிறார். காரைக் கண்டதும் எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியைத் தொடுவதற்கு முன்னால், வந்தவர் அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக் காட்ட வேண்டும்.

"சத்தத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. கடக்கா, டொக்கா, கிரீச்சா?"

"கடக்குனு கேக்கு."

"பள்ளத்துல எறங்கையிலயா, ஏறையிலயா?"

"எறங்கையில."

"வாயத் தொறந்து ஒருக்கா நல்லாச் சொல்லுங்க."

நடுரோட்டில் நின்று அருணகிரி "கடக்... கடக்..." என்று சொல்ல, எதிரே டீக்கடை வைத்திருந்த சந்தனமாரி பாய்லருக்குப் பின்னால் இருந்து சிரித்தாள். சூசை சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்கிறவர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, "புஷ் போயிருக்கு" என்றார். பிறகு போனட்டின் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கிவிட்டார். வண்டி ஒருமுறை எழுந்து அடங்கியது, ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பக்கவாட்டில் பிடித்து ஆட்டினார், கம்பியை நுழைத்து நெம்பிப் பார்த்தார். சொன்னது சரிதான், ரப்பர் புஷ் பிய்ந்து தொங்கியது. புதுசு மாற்றி, நான்கு சக்கரத்துக்கும் நூல் பிடித்து நேர் பார்த்து, "ஒரு டிரையல் போயிட்டு வாங்க" என்றார். அருணகிரி ஷெட்டில் இருந்து ரிவர்ஸ் எடுத்தான். கை இலேசாக இருந்தது. முதல் கியரைப் போட்டுக் கிளம்பினான்.

சத்தம் இல்லை. ஆனால் ஊர் எல்லையில் நிற்கும் மைல்கல் வந்ததும் ஸ்டீயரிங் இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அவன் திருப்பவில்லை, அவன் பிடித்து இழுத்த இழுப்புக்கு அது வரவும் இல்லை. கார் சாவகாசமாகக் கண்மாய்க்கரை வண்டித்தடத்தில் இறங்கி, கரையை ஒரு சுற்றுச் சுற்றி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஏறி, சூசையின் ஷெட் வாசலில் வந்து நின்றது.

சூசை வியப்படையவில்லை. இடது பக்கம் இழுக்கிற வண்டியை அவர் ஆயுசில் எத்தனையோ பார்த்திருக்கிறார். "டயர் கோளாறா இருக்கும். இடத்த வலத்துல போடுவோம், வலத்த இடத்துல போடுவோம். இழுப்புப் பக்கம் மாறினா டயர்தான்" என்றார். மாற்றினார்கள். இழுப்புப் பக்கம் மாறியது. இப்போது கார் மைல்கல்லில் வலது பக்கம் திரும்பி, சுடுகாட்டுப் பாதை வழியாக இறங்கி, பருத்திக் காட்டை ஒட்டி வந்து, ஊரின் மறுபக்கத்தில் இருந்து ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. டயரை மாற்றியதற்கு இந்தப் பலன் கிடைத்ததில் சூசைக்குத் திருப்திதான்.

அதன் பிறகு பால் ஜாயிண்டை மாற்றினார், லோயர் ஆர்மைக் கழற்றி வளைவு பார்த்தார், ஸ்பிரிங்கை இறக்கி இரண்டின் உயரத்தையும் அளந்தார். எதை மாற்றினாலும் எதைக் கழற்றினாலும், எந்தப் பாதையில் கிளம்பினாலும், கருங்காலிப்பேரியின் எல்லையைத் தொட்டதும் கார் ஏதாவது ஒரு பக்கம் திரும்பி வீடு வந்து சேர்ந்தது. கடைசியில் சூசை கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வண்டியில ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. அதான் கோளாறு."

ராஜமணி சாருக்குப் போன் போட்டால் அவர் போனிலேயே கொதித்தார். "ஏய், எந்தக் காரும் அப்படி ஓடாது. எங்கயோ சவாரி அடிச்சுக்கிட்டு எனக்குக் கதை சொல்லுதியா? வண்டியோட வந்தா லைசென்ஸ். வண்டி இல்லாம வந்தா போலீஸ்."

"சார், என் பொண்டாட்டி மாசமா இருக்கா..."

"அதுக்கும் என் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?"

காரை அங்கேயே போட்டுவிட்டு நாலுவழிச் சாலைக்கு நடந்து போய் பஸ் ஏறிவிடலாம் என்று அருணகிரி நினைக்காமல் இல்லை. ஒருநாள் பாதி தூரம் நடந்தும் போனான். கருவேல நிழலில் நின்று முத்துப்பேச்சிக்குப் போன் போட்டான். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வேண்டாம், வந்துராதீங்க. பொறக்கப் போற புள்ளைக்கு அப்பன் திருட்டுக் கேசுல நிக்கான்னு யாரும் சொல்லக் கூடாது. வண்டியோட வாங்க. ஆனா வந்துருங்க" என்றாள். அவன் திரும்பி நடந்தான். அந்தக் காரைப் போலத்தானே நாமும் திரும்புகிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது, அழுதான்.

ஊர் அழவில்லை. ஊருக்கு அந்தக் கார் கடவுள் கொடுத்த சொத்து. பஸ்காரன்கள் எல்லாம் பைபாஸிலேயே பறந்துவிட, கருங்காலிப்பேரிக்குள் சக்கரம் என்ற ஒன்றைப் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது, போனவர்கள் போன இடத்திலேயே இருந்தார்கள், திருப்பூருக்குப் போன பையன்கள் பொங்கலுக்குக்கூட வருவதில்லை. அப்படிப்பட்ட ஊருக்குள், விட்டுப் போகவே தெரியாத ஒரு கார் வந்து நின்றால் சும்மா விடுவார்களா? முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினார்கள், பிறகு கண்மாய்க்கரைக் கிணற்றில் இருந்து தண்ணீர்க் குடங்களை ஏற்றினார்கள், பிறகு அம்மன் கொடைத் திருவிழாவன்று அம்மனையே முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் மாட்டி ஊர்வலம் விட்டார்கள், எல்லை தாண்டாமல் சுற்றிவர அதைவிடத் தோதான வாகனம் அம்மனுக்கும் வாய்த்ததில்லை. கொஞ்ச நாளில் தாய்மார்கள் வேறு ஒரு உபயோகத்தைக் கண்டுபிடித்தார்கள். வெளியூர் வேலைக்குக் கிளம்புகிற மகனை, "பைபாஸ் வரைக்கும் கார்ல போயிரு ராசா, வெயிலா இருக்கு" என்று பெட்டியோடு ஏற்றிவிடுவார்கள். கார் கண்மாயைச் சுற்றி அவனை வீட்டு வாசலிலேயே இறக்கிவிடும். பஸ் போயிருக்கும். அவன் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவான்.

அருணகிரிக்கு அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். படுக்க இடம் கொடுத்தார்கள், முறை வைத்துச் சோறு போட்டார்கள், அவனுக்குப் பிடித்த மாதிரி மொச்சைக் கருவாட்டுக் குழம்பு எந்த வீட்டில் கொதித்தாலும் முதல் கிண்ணம் ஷெட்டுக்கு வந்தது. சிறையில் எவன் இப்படிச் சாப்பிடுவான்? ஆனால் அவர்கள் அன்பாக இருக்க இருக்க அவனுக்கு மூச்சு முட்டியது. "எப்பப் போவீங்க?" என்று அந்த ஊரில் ஒருவர்கூட அவனைக் கேட்கவில்லை.

முத்துப்பேச்சிக்கு இன்னும் வளைகாப்பு நடக்கவில்லை, அவன் வந்த பிறகு நடத்தலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பதை ஒருநாள் அவன் வாய் தவறி சந்தனமாரியிடம் சொல்லிவிட்டான். அவளுக்குப் பொறுக்கவில்லை. "மாசம் நெறஞ்ச புள்ள கை வெறுங்கையா இருக்கலாமா தம்பி? அவ வர முடியாது, நீ போக முடியாது. ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கது இந்த வண்டிதானே?" என்றாள். மறுநாள் ஊர்ப் பெண்கள் எல்லாம் தலைக்குக் குளித்துவிட்டுத் தாம்பாளத்தோடு வந்தார்கள். போனட்டுக்கு மஞ்சள் பூசினார்கள், பொட்டு வைத்தார்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ஒவ்வொருத்தியாகக் குனிந்து, கண்ணாடி வளையல்களைக் கியர்த்தண்டில் போட்டுவிட்டார்கள், குமிழ் வழியாக இறங்கிய சிவப்பும் பச்சையும் அதன் கழுத்துவரை நிறைந்தன. புளிச்சாதமும் தேங்காய்ச் சாதமும் ஷெட்டில் பரிமாறப்பட்டன. சூசை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அருணகிரி போனில் அந்த வளையல் சத்தத்தைக் கேட்கவைத்தபோது முத்துப்பேச்சி அந்தப் பக்கத்தில், "நல்லாருக்கு. நீங்க எப்ப வாறீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு கியரைத் தொட்டாலே வளையல் குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கலும் அவனுக்கு அவள் கூப்பிடுவதாகக் கேட்டது.

கண்மாயில் தண்ணீர் வற்றத் தொடங்கிய ஒரு காலையில் மாமியார் போனில் பேசினாள். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம், பேச்சி உங்கள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றாள். இன்றைக்காவது விட்டுவிடாதா என்று அருணகிரி ஓடிப்போய்க் காரில் ஏறினான். சாவியைத் திருகி, ஷெட்டில் இருந்து தினம் எடுக்கிற மாதிரியே ரிவர்ஸ் எடுத்தான். அவசரத்தில் பிரேக்கை மிதிக்க மறந்தான். கார் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது, டீக்கடையைத் தாண்டியது, பால் சொசைட்டியைத் தாண்டியது, கை இலேசாக இருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வந்த முதல் நாளில் இருந்து, தினம் காலையில் ஷெட்டை விட்டு எடுக்கிற அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் ஸ்டீயரிங் அவன் சொன்னபடி கேட்டிருக்கிறது. அந்தக் கொஞ்ச தூரத்தை அவன் ஓட்டமாகவே எண்ணவில்லை. ராஜமணி சாருக்கு ஓட்டிக் கொடுத்து ஓட்டிக் கொடுத்து, ரிவர்ஸ் என்பது வண்டியைத் திருப்பி நிறுத்த மட்டும்தான் என்று அவனுக்கும் படிந்துபோயிருந்தது.

காரை நிறுத்திவிட்டு ஷெட்டுக்கு ஓடி வந்தான். "சூசையண்ணே! ரிவர்ஸ்ல இழுக்கல!"

சூசை கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார்.

"அண்ணே, உமக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்" என்றார் சூசை. அவர் தலையை நிமிர்த்தவில்லை. "முன்னால போகையில எது பிடிச்சு இழுக்கோ, பின்னால போகையில அது தள்ளிவிடும். சக்கரம் நிக்கிற சாய்வு அப்படி. நீங்க டிரையல் போயிட்டு வந்து நிறுத்தின ஒடனே நான் ரிவர்ஸ் எடுத்துப் பாத்துட்டேன்."

"என் பொண்டாட்டி அங்க கெடந்து..." அருணகிரி ஒரு எட்டு முன்னால் வைத்தான். அந்த மனிதரை அடித்துவிடுவோமோ என்று அவனுக்கே பயமாக இருந்தது.

"எத்தன வருசம் அண்ணாச்சி, ஒரு வண்டிய அமுக்கிப் பாக்காம இந்தக் கை கெடந்துச்சு. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு நெனச்சேன். வளையல் போட்ட அன்னைக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. சாதத்த வச்சுட்டாங்க." சூசை கார் நின்ற இடத்துக்கு அவனோடு நடந்து வந்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பின்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் அழுத்தித் துடைத்துக் கொடுத்தார். பிறகு அந்தத் துண்டை மடித்து அருணகிரியின் தோளில் போட்டார். "ரொம்ப தூரம் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓட்டணும். கழுத்து பிடிக்கும். இதச் சுத்திக்கிடுங்க. பழைய ரோட்டுல போங்க, எதுக்க ஒருத்தனும் வரமாட்டான்."

அருணகிரி அதை வாங்கிக்கொண்டான். மன்னிப்பதற்கும் நேரம் இல்லை, திட்டுவதற்கும் நேரம் இல்லை.

வளையல் குலுங்க ரிவர்ஸ் கியரைப் போட்டு, இடது கையைப் பக்கத்து சீட்டின் மேல் போட்டு, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி கிளம்பினான். மைல்கல் வந்தது. அவன் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான். மைல்கல் பின்கண்ணாடியில் பெரிதாகி, பக்கத்தில் வந்து, முன்கண்ணாடிக்குள் போய்ச் சேர்ந்தது, ஸ்டீயரிங் அசையவில்லை. அப்போது ஒரே ஒரு தடவை அவன் முன்னால் பார்த்தான். கருங்காலிப்பேரி முழுக்க ரோட்டில் நின்றது. யாரும் அவனைத் தடுக்க ஓடி வரவில்லை. காரின் முகம் அவர்களைப் பார்த்து இருந்ததால், வழக்கம்போல அது வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். பிள்ளைகள் ஏறுவதற்குப் பையோடு வரிசையில் நின்றன. பெண்கள் குடத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். சந்தனமாரி அவனுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் வா வா என்று கை காட்ட, அவன் அவர்களைப் பார்த்தபடியே சிறிதாகிப் போனான்.

பழைய ரோடு கரிசல் காட்டுக்குள் கிடந்தது. ஆடு மேய்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கம்மம்புல் கட்டோடு வந்த ஒருவர், "முன்னால எடுக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டார், "முன்னால போனா ஊருக்குப் போயிரும்" என்று அவன் சொன்னான், அவரும் சரி என்று போய்விட்டார். பொழுது மேற்கே சாயும்போது ஆஸ்பத்திரி வாசலில் கார் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது. அவன் உள்ளே ஓடினான். கழுத்து இடது பக்கமே பிடித்துக்கொண்டுவிட்டது, நேரே திரும்பவில்லை. கதவில் மோதி, பெஞ்சில் மோதி, உடம்பையே பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நண்டு மாதிரி முத்துப்பேச்சியின் பக்கத்தில் போய் நின்றான். அவள் அந்த வலியிலும் சிரித்துவிட்டாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது. அருணகிரியும் கூட அழுதான்.

கியர்த்தண்டில் இருந்து வளையல்களைக் கழற்றி முத்துப்பேச்சியின் கையில் போட்டுவிட்டு, அதே மாதிரி ரிவர்ஸிலேயே பாளையங்கோட்டைக்குப் போய், காரைப் பின்பக்கமாக ராஜமணி சாரின் வீட்டுக்குள் ஏற்றி நிறுத்தினான். காரின் முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது. சாவி அவர் உள்ளங்கையில் விழுந்தது. பீரோ திறந்தது. லைசென்ஸை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு அருணகிரி நல்ல மனதோடுதான் சொன்னான்: "சார், தயவுசெஞ்சு முன்னால மட்டும் ஓட்டிராதீங்க."

"வண்டியக் கெடுத்துட்டு எனக்குப் புத்தி சொல்லுதியோ?" என்றார் ராஜமணி சார். அவர் கண் காரின் மேலேயே இருந்தது. ஆயுசில் முதல் தடவையாக அது வாசலைப் பார்த்து நின்றது. எடுத்துத் தர யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று மத்தியானம் அருணகிரிக்குப் போன் வந்தது. சூசை.

"அண்ணாச்சி, ஒங்க ராஜமணி சார் இங்கதான் இருக்காரு. கோயிலுக்குன்னு கெளம்புனாராம், நேரா நம்ம ஷெட்டுல வந்து நிக்காரு. சந்தனமாரி கடையில டீ குடிக்காரு. ஊரே சந்தோசமா இருக்கு." சூசையின் குரல் தாழ்ந்தது. "இந்தத் தடவ ஒளிக்கக் கூடாதுன்னு ரிவர்ஸ் விசயத்த அப்பமே சொல்லிட்டேன். கேட்டதுல இருந்து ஒரு மாதிரியா ஒக்காந்திருக்காரு. அவருக்கு ரிவர்ஸ் எடுக்க வராதாமே?"

"வராது."

"ஒங்களத்தான் கூப்பிடச் சொல்லுதாரு. ஒடனே வந்து எடுத்துட்டுப் போகணுமாம்."

மடியில் பிள்ளை விழித்துக்கொண்டு கையை ஆட்டியது. முத்துப்பேச்சி அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது வளையல் குலுங்கியது. அருணகிரி பிள்ளையை முழுசாகப் பார்ப்பதற்காக உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டான்.

"வாரேன்னு சொல்லுங்கண்ணே" என்றான். "கழுத்து நேராகட்டும்."